அகன்ற ரயர் பூட்டுவதற்கு முன்

இடம்பெயர்ந்த விவசாயிக்கு வீடு ஓரிடத்தில், காணி இன்னோரிடத்தில். 1990 ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களாயினும் சரி, 2009 இல் போர் முடிந்த பின்னரும் சொந்த வயலுக்குத் தொலைவிலேயே குடியிருக்க நேர்ந்த வன்னிக் குடும்பங்களாயினும் சரி, இந்த இடைவெளியை நாளாந்தம் கடப்பதற்குக் கைகொடுத்து வந்தது துவிச்சக்கரவண்டியே. பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் விறகு, நெல், தண்ணீர், சில வேளைகளில் நோயாளி, எல்லாமே அதன் கரியரில் ஏறின. பற்றரி கிடைக்காத அந்நாட்களில் சைக்கிளின் பெடலைச் சுற்றி டைனமோவினால் வானொலி கேட்டவர்களும் நாங்கள்தான்.

இப்போது அதே சைக்கிளில் ஒரு சிறிய எஞ்சினைப் பூட்டிக்கொள்ளும் வழக்கம் உலகின் பல நாடுகளில் உண்டு. 2022 இல் எரிபொருள் பங்கீடு வந்து, மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரத்திற்கு 4 லீற்றர் என்று வரையறுக்கப்பட்டபோது எங்கள் பகுதிகளிலும் பலர் இதைப்பற்றி யோசித்ததில் வியப்பில்லை. பிறேமின் நடு முக்கோணத்தில் பொருத்தப்படும் ரூ ஸ்ரோக் எஞ்சின் 10 கிலோ அளவில்தான் இருக்கும். '80 சீசீ' என்று பெட்டியில் அச்சிட்டு விற்கப்படும் எஞ்சின்களில் பெரும்பாலானவை உண்மையில் 66 சீசீ அளவினவே என்பதையும் வாங்குபவர்கள் அறிந்திருப்பது நல்லது.

இது புதிய எண்ணமும் அல்ல. போர் முடிந்து, பேருந்தும் புகைவண்டியும் நிரம்பி வழிந்த யப்பானில், 1946 இல் சொயிச்சிரோ ஹொண்டா என்பவர் இராணுவத்தின் வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்த சிறு எஞ்சின்களை மலிவாக வாங்கிச் சைக்கிள்களிற் பூட்டினார். எரிபொருட் தாங்கியாக முதலிற் பயன்பட்டது படுக்கையைச் சூடாக்கும் வெந்நீர்ப் போத்தல். அதை முதலில் ஓட்டிப் பார்த்தவர்களுள் அவருடைய மனைவியும் ஒருவர். பெயர் பெற்ற ஒரு தொழிற்சாலையின் தொடக்கம் இதுதான்.

எஞ்சின் பூட்டிய சைக்கிள் தார் வீதியில் நன்றாக ஓடும். ஒழுங்கைக்குள் இறங்கி மணலில் ஏறியதும் பின் சில்லு புதையும், முன் சில்லு இழுபடும், கரியரில் உள்ள பை ஒருபக்கம் சரியும். அப்போதுதான் 'கொஞ்சம் அகலமான ரயர் போட்டால் என்ன?' என்ற கேள்வி எழுகிறது. கேள்வி நியாயமானது. ஆனால் ரயரை மட்டும் வாங்கி வந்து பூட்டிவிடக்கூடிய காரியம் இதுவல்ல. எவ்வளவு அகலம் போடலாம் என்பதைத் தீர்மானிப்பது எங்கள் விருப்பமன்று. சைக்கிளின் பிறேமும் றிம்மும் பிறேக்குமே. இதை அறியாமல் செலவழித்த பணம் வீணாவதோடு, ஓடும்போது சில்லு இறுகி நின்று ஓட்டுபவரைத் தூக்கி எறியவும் கூடும்.

அகலம் என்ன செய்கிறது?

ஒரு கணக்குப் பார்ப்போம். சைக்கிள் 20 கிலோ, எஞ்சின் 10 கிலோ, ஓட்டுபவர் 60 கிலோ, கரியரில் ஒரு யூரியாப் பை 50 கிலோ. மொத்தம் 140 கிலோ. பாரம் பின்னால் இருப்பதால் பின் சில்லின் மேல் ஏறத்தாழ 95 கிலோ, அதாவது 209 இறாத்தல் விழும். ரயருக்குள் சதுர அங்குலத்திற்கு 60 இறாத்தல் காற்று இருந்தால், அந்தப் பாரத்தைத் தாங்க ரயர் நிலத்தில் ஏறத்தாழ மூன்றரைச் சதுர அங்குலம் படியும். காற்றை 40 இறாத்தலாகக் குறைத்தால் படியும் இடம் ஐந்து சதுர அங்குலத்திற்கு மேலாகிறது. மணலில் புதையாமல் நிற்பதற்குக் காரணம் இந்த அதிகப்படியான படிவுதான்.

இங்கே கவனிக்க வேண்டியது, மணலில் உதவுவது குறைந்த காற்றே. அகலம் என்பது காற்றைக் குறைப்பதற்கு எங்களுக்குக் கிடைக்கும் அனுமதி மட்டுமே. ஒடுக்கமான ரயரில் 40 இறாத்தல் வைத்து 95 கிலோவை ஏற்றினால் ஒரு சிறு கல்லில் ஏறும்போதே றிம் நிலத்தைத் தொட்டு, ரியூப்பை நசுக்கி, அருகருகே இரண்டு துளைகளை இட்டுவிடும். அகன்ற ரயருக்குள் ஆழம் கூட. றிம் அவ்வளவு எளிதில் அடிபடாது. ஆகவே அகன்ற ரயரை வாங்கி, அதற்குள்ளும் கல்லுப்போல் காற்றடித்து வைத்திருப்பவர் பணத்தைக் கொடுத்துப் பயனைப் பெறாதவராவார். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அகன்ற ரயரில் ஒடுக்கமான ரயருக்குரிய காற்றை அடித்தால் அதன் பக்கச் சுவர் கூடுதலாக இழுபடும். ரயரின் சுவரில் அச்சிட்டுள்ள அளவைத் தாண்டவே கூடாது.

மண்ணைப் பொறுத்தும் முடிவு மாறும். மன்னார், வடமராட்சி கிழக்கு, முல்லைத்தீவுக் கரையோரம் போன்ற மணற் பகுதிகளுக்கு அகலம் நன்று. கிறவல் வீதியிலும் ஓரளவு நன்மை தரும். பாரத்துடன் போகும்போது கைக்கும் முதுகுக்கும் அதிர்வு குறையும். ஆனால் மாரியில் வயற் களிமண்ணில் அகன்ற ரயர் எதிரியாகிவிடும். ஒடுக்கமான ரயர் சேற்றைக் கீறிக்கொண்டு அடியிலுள்ள இறுக்கமான மண்ணைத் தேடிப் போகும். அகன்றதோ களியை அப்பிக்கொண்டு மேலே வந்து மட்காட்டுக்குள் அடைத்துவிடும். கால்வாய்க் கட்டில் சைக்கிளைச் சாய்த்து வைத்துத் தடியால் களி தோண்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வயலுக்குப் போகும் வழி பாதி மணலும் பாதி களியுமாக இருந்தால், நடுத்தர அகலமும் தாராளமான இடைவெளியும் மிகப் பருத்த ரயரைவிட மேலானவை.

முள்ளுக்கு அகலம் மருந்தல்ல. நெருஞ்சி முள் எந்த ரயரிலும் ஏறும். இன்னும் சொன்னால், அகன்ற ரயர் கூடுதல் நிலத்தைத் தொடுவதால் கூடுதல் முள்ளையும் சந்திக்கிறது. பழைய ரயரின் ஓரங்களை வெட்டி எடுத்துவிட்டு, நடுப்பட்டியை உள்ளே வைத்து ஓடும் எங்கள் பழைய முறை இன்றைக்கும் உதவும். வெட்டிய விளிம்பு ரியூப்பை அராதபடி சீவிவிட வேண்டும்.

றிம்மின் எண்ணைப் பாருங்கள்

கடையில் '28 ரயர்', '26 ரயர்' என்று கேட்பது எங்கள் வழக்கம். இந்தப் பேச்சு அகன்ற ரயர் விடயத்தில் எங்களை ஏமாற்றும். ரயரின் பக்கச் சுவரில் 40-635 என்பது போன்ற ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது ரயரின் அகலம். இரண்டாவது ரயர் றிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீற்றரில். இரண்டாவது எண் ஒன்றாக இருந்தால் மட்டுமே ஒரு ரயருக்குப் பதிலாக இன்னொன்றைப் போடலாம்.

நாங்கள் அதிகம் பாவித்து வந்த பெரிய சைக்கிளின் 28 x 1½ ரயர் 635 ஐச் சேர்ந்தது. 28 என்றே பேர் சொல்லி வரும் வேறு சில ரயர்கள் 622. அவை இதில் ஏறா. பெண்கள் சைக்கிளின் 26 x 1⅜ ரயர் 590. மலைச் சைக்கிள் என்று விற்கப்படுவனவற்றின் 26 x 1.75, 26 x 1.95, 26 x 2.125 ஆகியவை 559. பின்னமாக எழுதிய அளவும் தசமமாக எழுதிய அளவும் கணக்கில் ஒன்றாக இருந்தாலும் ரயரில் ஒன்றல்ல. 26 x 1¾ என்பதும் 26 x 1.75 என்பதும் வெவ்வேறு றிம்முக்குரியவை. பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார் இதை ஒத்துக்கொள்ளமாட்டார், ஆனால் சைக்கிள் உலகம் அப்படித்தான் வளர்ந்துவிட்டது.

இந்த 559 என்ற அளவு சுவையான வரலாறு கொண்டது. 1933 இல் அமெரிக்காவில் சுவின் நிறுவனம் பிள்ளைகளின் சைக்கிளுக்காக 2.125 அங்குல அகலமுள்ள பருத்த ரயரைக் கொண்டுவந்தது. 1970களில் கலிபோர்னியாவில் மலைப்பாதையில் இறங்கி விளையாடிய இளைஞர்கள் அந்தப் பழைய சைக்கிள்களையே தேடி எடுத்தார்கள். மலைச் சைக்கிள் பிறந்தது அப்படித்தான். அகன்ற ரயர் இன்று இந்த அளவில் தாராளமாகக் கிடைப்பதற்கும் அதுவே காரணம். 635 இல் ஒன்றரை அங்குலத்தைவிடக் குறிப்பிடத்தக்க அளவு பருத்த ரயர் கிடைப்பது மிக அரிது.

எனவே பெரிய 28 அங்குலச் சைக்கிளில் எஞ்சின் பூட்டியவர் அகன்ற ரயர் போட விரும்பினால், ரயரை மட்டுமன்றிச் சில்லையே மாற்ற வேண்டியிருக்கும். 559 சில்லை அந்தப் பிறேமில் பூட்டலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பூட்டலாம்தான். ஆனால் றிம்மின் விளிம்பு முன்பிருந்த இடத்திலிருந்து 38 மில்லிமீற்றர் உள்ளே போய்விடும். கம்பிப் பிறேக்கின் கட்டை காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பெடலும் நிலத்துக்கு இரண்டரைச் சென்ரிமீற்றர் அளவில் கிட்டவாகும். வரம்பில் ஏறும்போது தட்டும். சில்லின் மையத்தில் அமையும் டிரம் பிறேக் உள்ள சில்லுகளை முன்னும் பின்னும் போட வசதியுள்ளவர் மட்டுமே இதை எண்ணிப் பார்க்கலாம். எங்கள் கருத்து இதுதான்: பெரிய சைக்கிளை அதன் சொந்த ரயருடன் விட்டுவிடுங்கள். அகன்ற ரயர் கட்டாயம் வேண்டுமென்றால், அகன்ற ரயருடனேயே உருவாக்கப்பட்ட இரும்புப் பிறேம் சைக்கிளை எடுத்து அதில் எஞ்சினைப் பூட்டுங்கள். பிறேமின் முக்கோணத்தில் எஞ்சின் அமர இடம் உண்டா, கீழ்க் குழாய் எஞ்சினின் பிடிக்குள் அடங்குமா என்பதை வாங்குமுன் அளந்து பார்க்க வேண்டும். பிடி பற்றவில்லை என்று குழாயில் துளையிடுவதற்கு இடங்கொடுக்காதீர்கள். எஞ்சினின் அதிர்வில் வெடிப்பு அந்தத் துளையிலிருந்தே தொடங்கும்.

றிம்மின் அகலமும் முக்கியம். உள்ளகலம் 25 மில்லிமீற்றர் உள்ள றிம்மில் 47 முதல் 57 மில்லிமீற்றர் வரை அகலமுள்ள ரயர் நன்றாக உட்காரும். மிக ஒடுங்கிய றிம்மில் பருத்த ரயரை ஏற்றினால், பாரத்துடன் திரும்பும்போது ரயர் பக்கவாட்டில் மடிந்து கழலப் பார்க்கும்.

பென்சில் கொண்டு பாருங்கள்

பிறேமில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு சாதாரண எழுதும் பென்சிலின் தடிப்பு ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். புதிய ரயரைப் போட்டு, முழுக் காற்றும் அடித்து, பாரத்தையும் ஏற்றி, ரயருக்கும் பிறேமுக்கும் நடுவே இரு பக்கமும் அந்தப் பென்சில் தாராளமாகப் போய்வர வேண்டும். பின் சில்லில் பெடல் அச்சுக்குப் பின்னால் இரு குழாய்களும் நெருங்கும் இடம், முன்னால் போர்க்கின் தோள், மேலே மட்காட், இந்த மூன்றும் சோதிக்க வேண்டிய இடங்கள். 57 மில்லிமீற்றர் ரயருக்கு இரு பக்கமும் ஏழு ஏழு விட்டால் 71 மில்லிமீற்றர். ரயர் வாங்குவதற்கு முன்பே அடிமட்டத்தால் இதை அளந்துவிடலாம். சில்லை மெல்லச் சுற்றிப் பாருங்கள். ஆட்டமுள்ள சில்லு இருந்த இடைவெளியிற் பாதியை விழுங்கிவிடும். முதலில் சில்லுக் கம்பிகளை இறுக்கி ஆட்டத்தை எடுக்க வேண்டும்.

இடம் போதாதபோது பிறேமின் குழாயைச் சூடாக்கிச் சுத்தியலால் பள்ளம் விழத் தட்டுவதுண்டு. வேண்டாம். காலால் மிதிக்கும் சைக்கிளில் அது பல ஆண்டு தாங்கினாலும் தாங்கலாம், எஞ்சின் பூட்டியதில் தாங்காது. பின் சில்லின் அச்சைக் காடியில் சற்றுப் பின்னுக்கு இழுத்துப் பூட்டுவது பாதுகாப்பான வழி. அங்கே குழாய்கள் விரிந்து செல்வதால் சில மில்லிமீற்றர் கிடைக்கும். மட்காட்டைக் கழற்றினாலும் இடம் கிடைக்கும், ஆனால் சேறும் தண்ணீரும் எஞ்சினின் காற்று வாயில் வரை தெறிக்கும். மட்காட்டை வைத்திருப்பவர் அதன் தாங்கு கம்பியின் நட்டை அடிக்கடி பார்க்க வேண்டும். கழன்ற கம்பி முன் சில்லுக்குள் போனால் சைக்கிள் அந்த இடத்திலேயே குத்தி நிற்கும்.

எஞ்சின் செயின்

மோட்டார் பூட்டிய சைக்கிளில் அகன்ற ரயர் பெரும்பாலும் முதலில் உரசுவது பிறேமில் அல்ல, இடப்பக்கத்து எஞ்சின் செயினில். அந்தச் செயின் ஓடும் பெரிய பற்சில்லு றப்பர்த் துண்டுகளுக்கு நடுவே ஒன்பது போல்ட்டுகளால் சில்லுக் கம்பிகளோடு சேர்த்து இறுக்கப்படுகிறது. இந்த ஒன்பதும் 36 கம்பிகள் உள்ள சில்லுக்குக் கணக்கிடப்பட்டவை. இங்கிலாந்து முறைப்படி அமைந்த பழைய பெரிய சைக்கிள்களின் பின் சில்லில் 40 கம்பிகள் இருக்கும். அதில் போல்ட்டுகள் ஒழுங்காக அமையா. சமாளித்துப் பூட்டினால் சில கம்பிகள் மட்டும் முழு இழுவையையும் வாங்கி அறுந்துபோகும். 36 கம்பிச் சில்லே வேண்டும்.

பற்சில்லு தட்டையாக இல்லாமல் ஒருபக்கம் குழிந்திருக்கும். அதைப் புறம் மாற்றிப் பூட்டினால் பற்கள் வெளிப்பக்கம் தள்ளிப்போய் ரயருக்கு இடம் விடும். ஆனால் எஞ்சினில் உள்ள சிறிய பற்சில்லு தன் இடத்திலேயே நிற்கிறதே! இரண்டும் நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். கோணலாக ஓடும் செயின் கழன்று, பற்சில்லுக்கும் கம்பிகளுக்கும் நடுவே சிக்கிச் சில்லை இறுக்கும். செயினை இழுத்துப் பிடிப்பதற்காகத் தரப்படும் சிறு உருளை இன்னொரு தொல்லை. அது பூட்டப்படும் குழாய் உருண்டையானது. பிடி தளர்ந்தால் உருளை சில்லுக்குள் சாயும். செயினைச் சரியான நீளத்திற்கு வெட்டி, உருளைக்குக் குறைந்த வேலையே இருக்கும்படி செய்வது நல்லது. ரயருக்கும் செயினுக்கும் நடுவிலும் அதே பென்சில் போய்வர வேண்டும்.

ஒரே றிம்மில் 1.75 இலிருந்து 2.125 இற்கு மாறும்போது சில்லின் மொத்த உயரம் நூற்றுக்கு இரண்டு பங்குதான் கூடும். வேகத்திலோ இழுவையிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியாது. அதற்காகப் பற்சில்லை மாற்றச் சொல்லும் கடைக்காரருக்குக் காது கொடுக்க வேண்டாம்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அகன்ற ரயரில் அதிர்வு குறைவதால் ஓட்டுபவருக்கு வேகம் தெரியாது. 20 கிலோமீற்றர் வேகத்தில் நிற்க எடுக்கும் தூரம் 40 இல் இரண்டு மடங்கன்று, நான்கு மடங்கு. இரும்பு றிம் மழையில் நனைந்தால் அதுவும் போதாது. கரியரில் பிள்ளை இருக்கும்போது 25 ஐத் தாண்ட எந்தக் காரணமும் இல்லை.

ரயர் மாற்ற இயலாதவர்கள்

பெரிய சைக்கிளை வைத்துக்கொண்டு மணல் ஒழுங்கையில் பாரம் இழுக்க வேண்டிய குடும்பங்கள்தான் எங்களில் அதிகம். இவர்களுக்கு மலிவான வழி பாரத்தைக் கூடுதலான சில்லுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது. பழைய சைக்கிள் சில்லுகள் இரண்டைக் கொண்டு ஒரு சிறு இழுவைப் பெட்டி செய்து பின்னால் கொழுவினால், 50 கிலோப் பையின் பெரும்பங்கு கரியரிலிருந்து இறங்கிவிடும். பின் சில்லு புதைவது குறையும். பாரத்தைப் பெட்டியின் அச்சுக்குச் சற்று முன்பக்கமாக வைக்க வேண்டும். பின்னால் வைத்தால் பெட்டி சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். பெட்டிக்குப் பிறேக் இல்லை என்பதால் வேகம் 15 கிலோமீற்றருக்குள் இருக்கட்டும். மணல் ஆழமான இடத்தில் எஞ்சினை முறுக்கிப் போராடாமல் இறங்கித் தள்ளுவது கிளச்சுக்கும் நல்லது, சில்லுக் கம்பிக்கும் நல்லது.

ஒரு சில்லுக்கு மட்டும் அகன்ற ரயர் வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால் அது பின் சில்லுக்கே போக வேண்டும். முன்னுக்கு ஏற்கனவே உள்ளதைப் போடலாம், வெடிப்பு இல்லாதிருந்தால் மட்டும். முன் ரயர் வெடித்தால் சைக்கிளைப் பிடித்து நிறுத்துவது கடினம்.

புதிய ரயர் போட்டபின் முதல் 50 கிலோமீற்றருக்குள் இரண்டு முறையாவது நின்று பாருங்கள். செயின் பக்கத்து ரயர்ச் சுவரில் உரசற் கோடு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, சற்று ஆறியபின். போல்ட்டுகள் ஒன்பதையும் மாறி மாறி, எதிர் எதிர்ப் பக்கமாக இறுக்க வேண்டும். றப்பர் படிந்து இளகியிருக்கும். கடைசியாக வால்வைப் பாருங்கள். காற்றுக் குறைந்த ரயரை எஞ்சின் இழுக்கும்போது ரயர் றிம்மின் மேல் மெல்ல மெல்ல நகரும், அதனோடு ரியூப்பும் நகரும். வால்வு நேராக நிற்காமல் சாய்ந்திருந்தால், இன்னும் சில நாட்களில் அதன் அடி கிழியப் போகிறது. காற்றை இறக்கி, ரயரைத் திருப்பி, வால்வை நேராக்கி, முன்பு வைத்ததைவிட ஐந்து இறாத்தல் கூட அடியுங்கள்.